எலும்பில் தங்கும் ஈயம்

1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளில், சிங்கப்பூர் மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான தோல் மாற்றங்களோடு நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். மார்பும் முதுகும் கறுத்திருந்தன. அந்தக் கறுப்புக்கு நடுவே மழைத்துளி தெறித்தது போல வெளிர்ந்த புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்ன ஆணிகள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தது. சிலருக்கு உள்ளுறுப்புகளில் புற்றுநோய் இருந்தது. டாக்டர் டே சோங் ஹாய், டாக்டர் சியா செங் சியாங் இருவரும் இப்படி 74 பேரின் விவரங்களைத் திரட்டி 1975-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நஞ்சின் பெயர் ஆர்செனிக். நம் ஊர் வழக்கில் பாஷாணம். மூச்சிரைப்பு தணியட்டும் என்று வாங்கிச் சாப்பிட்ட சீன மூலிகை மருந்துகளில் அது இருந்தது.

அந்த 74 பேரும் மருந்தென்று நம்பியதையே விழுங்கினார்கள். வேளை தவறாமல், அளவு தவறாமல் விழுங்கினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து இதை இங்கே எழுதக் காரணம், மருந்தாக நஞ்சு உள்ளே வரும் வழி இன்னும் அடைபடவில்லை என்பதுதான். நம் வீடுகளைப் பொறுத்தவரை அது அகலமாகவே திறந்திருக்கிறது.

சீன மருந்துகளுக்கு சிங்கப்பூர் வேலி போட்டது. 1999 முதல் டப்பாவில் அடைத்து விற்கும் சீன மருந்துகளை அரசிடம் (இப்போது சுகாதார அறிவியல் ஆணையத்திடம்) பட்டியலிட்ட பிறகே இங்கே விற்க முடியும். இந்திய மருந்துகளுக்கும் மலாய் மருந்துகளுக்கும் அப்படி முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பான பொருளைத்தான் விற்க வேண்டும், நச்சு உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு இறக்குமதி செய்கிறவரிடமும் விற்கிறவரிடமும் விடப்பட்டிருக்கிறது. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவருவது இதற்கும் வெளியே. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு மருந்தை யாரும் எடுத்து வரலாம். மூட்டுவலிக்கு அத்தை கொடுத்தனுப்பிய செந்தூரப் பொட்டலத்தைச் சாங்கி விமான நிலையத்தில் யார் பிரித்துச் சோதிக்கப் போகிறார்கள்?

உடம்பு ஏமாறும் விதம்

உடம்புக்குக் கண் கிடையாது. வந்திருப்பது எது என்பதைப் பருமனையும் மின்னூட்டத்தையும் வைத்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. கன உலோகங்களின் கதை முழுவதும் இந்த ஓர் இடத்தில் தொடங்குகிறது. ஈயம் சுண்ணாம்புச்சத்தைப் போலவும் இரும்புச்சத்தைப் போலவும் நடிக்கிறது. கேட்மியம் துத்தநாகத்தைப் போல நடிக்கிறது. ஆர்செனிக்கின் ஒரு வடிவம் பாஸ்பேட்டின் இடத்தில் போய் உட்கார்கிறது. மீனில் இருக்கும் மெத்தில் பாதரசம் நம் புரதத்தின் ஒரு துண்டோடு ஒட்டிக்கொண்டு அமினோ அமிலத்தின் வேடத்தில் மூளைக்குள்ளேயே போய்விடுகிறது. உயிர் வாழத் தேவையானவற்றை உள்ளே விடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் கதவுகள் வழியாகவே இவை எல்லாம் நுழைகின்றன.

ஈயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். வளர்ந்தவர் ஒருவர் விழுங்கும் ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இரத்தத்தில் சேரும். சிறு குழந்தைக்குப் பாதிவரை சேர்ந்துவிடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக இருந்தால் குடல் பசித்திருக்கும், வருவதை வாரி இழுக்கும். இரத்தசோகையுள்ள பெண்களும் சரியாகச் சாப்பிடாத பிள்ளைகளும் மற்றவர்களைவிட அதிக ஈயத்தை ஏற்பது இதனால்தான். இரத்தத்தில் ஈயம் அதிக நாள் தங்காது. ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். பரிசோதனை முடிவைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் பலர். ஆனால் போனதெல்லாம் வெளியேறிவிடவில்லை. சுண்ணாம்புச்சத்து போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது, எலும்பில் படிகிறது. வளர்ந்தவர் உடம்பிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான். அங்கே அது பாதியாவதற்கு 20, 30 ஆண்டுகள் பிடிக்கும்.

எலும்பு கல்லைப் போல அசையாமல் கிடக்கும் பொருளாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அது நாள்தோறும் கரைந்து புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள பொருள். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைகிறது. பால் கொடுக்கும்போது கரைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகக் கரைகிறது. அப்போதெல்லாம் பழைய ஈயம் மீண்டும் இரத்தத்துக்கு வருகிறது. பதின்ம வயதில் ஒரு பெண் உட்கொண்ட ஈயம், அவள் மறந்தே போன பிறகு, அவள் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தேடிப் போகலாம். நஞ்சுக்கொடி ஈயத்தைத் தடுப்பதில்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் கலங்கடிப்பது இதுதான்.

ஈயம் செய்யும் வேலை அமைதியானது. இரத்தச் சிவப்பணுவுக்குள் இரும்பைப் பொருத்தும் நொதிகளை முடக்குகிறது, இரத்தசோகை வருகிறது. குடலை இறுக்குகிறது, முறுக்கி எடுக்கும் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வருகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் தேய்கிறது. அளவு மிகுந்தால் மணிக்கட்டு தொங்கிப்போகும், ஈறின் ஓரத்தில் நீலக் கோடு விழும். சோர்வு, தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை என்று வருகிறவரைப் பார்த்து ஈயம் என்று எந்த மருத்துவருக்கு முதலில் தோன்றும்? இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார். வயிற்றுவலிக்கு வயிற்றைத்தான் ஸ்கேன் செய்வார்.

குழந்தைகளுக்கு வரும் கேடு இதைவிட மௌனமானது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். அந்த இடத்தில் ஈயம் உட்கார்ந்தால் கற்கும் திறனும் கவனமும் குறையும். சென்னையில் 3 முதல் 7 வயதுவரையான 756 பிள்ளைகளைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் இரத்த ஈயத்தின் சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக்கூட, ஆசிரியர்கள் பதிவுசெய்த பதற்றமும் கவனச்சிதறலும் கூடின. அமெரிக்காவில் குழந்தைக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே இப்போது விசாரிக்கத் தொடங்குகிறார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

காற்றிலிருந்து ஈயத்தை சிங்கப்பூர் விரட்டிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஈயம் கலக்காத பெட்ரோல் 1991-ல் இங்கே வந்தது, ஈயம் கலந்தது 1998 ஜூலையோடு போயிற்று. இந்தியாவில் 2000-ல் நின்றது. அதற்கு முன் நெரிசலான சாலையோரம் வளர்ந்த நம் தலைமுறையின் எலும்பில் அந்தப் புகையின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

பற்பமும் செந்தூரமும்

சித்த மருத்துவத்தை இகழ்ந்து எழுதுவது என் நோக்கமில்லை. நிலவேம்பும் ஆடாதோடையும் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் ரசம் என்னும் பாதரசம், கந்தகம், லிங்கம், ஆர்செனிக் உள்ள அரிதாரம், மனோசிலை, காரீயம் என்னும் ஈயம் ஆகியவற்றை மூலப்பொருளாகக் கொண்ட மருந்துகளும் அதே மரபில் இருக்கின்றன. முறையாகச் சுத்தி செய்து, புடம் போட்டு, வெண்பொடியான பற்பமாகவோ சிவந்த செந்தூரமாகவோ ஆக்கினால் நஞ்சு நீங்கிவிடும் என்பது சித்த மருத்துவர்களின் வாதம். சில வேதிவடிவங்கள் உடம்பில் குறைவாகவே கரையும் என்பது உண்மை. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த லிங்கம் அப்படிப்பட்டது. ஆனால் ஈயம் ஒரு தனிமம். எத்தனை புடம் போட்டாலும் அது வேறொன்றாக மாறாது. வயிற்று அமிலத்தில் எவ்வளவு கரையும் என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். அது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011, 2012-ல் இரத்தத்தில் ஈயம் மிகுந்த ஆறு கர்ப்பிணிகளை விசாரித்தது. ஐந்து பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆறு பேரும் ஆயுர்வேத மருந்து சாப்பிட்டிருந்தார்கள். ஆண் பிள்ளை பிறக்க வேண்டும் என்பதற்காகச் சாப்பிட்டவர்களும் அவர்களில் உண்டு. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இந்தியா இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி 1 முதல் கன உலோகப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. உலோகத்தையே மூலப்பொருளாகக் கொண்டவையும், லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டித் தருபவையும் அந்த வலையில் விழுவதில்லை.

சிங்கப்பூரில் பாரம்பரிய மருந்துக்கு உள்ள வரம்பு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில்: ஈயம் 10, ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, கேட்மியம் 0.3. எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈயமுள்ள பொடி என்றால், அதில் ஈயத்தின் அளவு வரம்பைப்போல் ஆயிரம் மடங்கு. சீன மருந்துக்கு இருப்பது போன்ற பட்டியலை இந்திய மருந்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று நம் சமூகமே கேட்க வேண்டும். அது சித்த மருத்துவத்துக்கு எதிரான கோரிக்கை ஆகாது. சோதித்துச் சான்று பெற்ற மருந்தை விற்கும் நேர்மையான கடைக்காரருக்கும் வைத்தியருக்கும் அதுவே பாதுகாப்பு.

சமையற்கட்டும் பூசை அறையும்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு சுற்று வந்தால் வீட்டுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். மஞ்சள், குங்குமம், கண்மை, பித்தளைப் பானை, ஈயச்சொம்பு, சிவப்பழகு கிரீம். இவற்றில் ஒவ்வொன்றும் உலகில் எங்கோ ஓரிடத்தில் ஆய்வுக்கூடம் வரை போயிருக்கிறது.

மஞ்சள் கதை இந்தியாவின் பக்கத்து நாட்டில் நடந்தது. வங்காளதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த ஈயத்துக்கு மூலம் எது என்று ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் போய் மஞ்சளில் நின்றார்கள். 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்குக்குப் பளபளப்புக் கூட்ட ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தைப் பூசத் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 2019-ல் ஆய்வு வெளியானதும் அந்நாட்டு அரசு சந்தைகளில் இறங்கிச் சோதனை போட்டது, வணிகர்களுக்கு அபராதம் விதித்தது. 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது, 2021-ல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே ஆண்டில் ஒரு நாடு இதைச் செய்து காட்டியது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அதே குழுவினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் நகரங்களில் மஞ்சளைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஈயம் மிகுந்த மாதிரிகள் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. முழுக் கிழங்காக வாங்கி நாமே அரைத்துக்கொண்டால் கலப்படம் இருக்காது என்பது நம் வீட்டுப் பெண்களின் நெடுநாள் நம்பிக்கை. சாயத்தைக் கிழங்கின் மேலேயே பூசுகிறார்கள் என்பதால் அந்த நம்பிக்கை இங்கே காப்பாற்றாது. சிங்கப்பூர் உணவு அமைப்பின் கண்காணிப்பில் வரும் பொட்டலம், ஊர்ச் சந்தையில் நிறம் பார்த்து வாங்கிவந்த கிழங்கைவிட நம்பத் தகுந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் ஈயத்துக்கு வேலையில்லை. செயற்கைச் சாயத்தில் செய்ததில்தான் வருகிறது. அமெரிக்காவின் நியூஜெர்சியிலும் மும்பையிலும் டெல்லியிலும் வாங்கிய 118 சிந்தூர்க் குங்கும மாதிரிகளைச் சோதித்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பத்தில் எட்டில் ஈயம் தென்பட்டது. சில மாதிரிகளில் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். நெற்றித் தோல் வழியாக ஈயம் அதிகம் போகாது. ஆனால் குங்குமம் தொட்ட விரல் பிள்ளையின் வாய்க்குப் போகிறது, பிரசாதத்தில் படுகிறது.

பாத்திரத்துக்கு வருவோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டிய பொருள். வெள்ளீயம் வேறு உலோகம், விலை உயர்ந்தது; நஞ்சான காரீயம் மலிவு. கலப்படத்துக்கு இந்த ஒரு காரணம் போதும். புளியும் தக்காளியும் கொதிக்கும் பாத்திரத்தில் காரீயம் இருந்தால் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பித்தளைப் பானைக்குப் பூசும் ஈயப் பூச்சிலும் இதே ஆபத்து உண்டு. கண்ணால் பார்த்தோ காகிதத்தில் தேய்த்தோ கண்டுபிடிக்கலாம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதிப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் கசிவதாக எச்சரித்தது. அந்தப் பட்டியலில் நம் அடுப்படிகளில் புழங்கும் இண்டாலியமும் இருந்தது. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு அடுப்பில் எவர்சில்வருக்கு மாறுவது பெரிய செலவில்லை. பாட்டியின் சொம்பை வைத்துக்கொள்ளலாம், அதில் புளி கொதிக்க வேண்டாம்.

சிவப்பழகு கிரீம் தனிக் கொடுமை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயோடு இளையவர்கள் வந்தார்கள். கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள் அதைத் தொடர்ந்து போய்ப் பாதரசம் கலந்த கிரீம்களில் முடித்தார்கள். 2021-க்கும் 2023-க்கும் இடையில் அவர்கள் பார்த்த 22 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய கிரீம் பூசியவர்கள். பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால் முகம் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போன அதே பாதரசம் சிறுநீரகத்தின் சல்லடையைக் கெடுக்கும். கறுப்பாகப் பிறந்ததற்காக நம் பெண் பிள்ளைகள் சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பதை எந்த வார்த்தையால் கண்டிப்பது?

வேலைக்குப் போய்த் திரும்பும் உடம்பு

தமிழ்நாட்டின் கொடைக்கானல் நமக்கு மறக்கக் கூடாத ஊர். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து 1980-களில் அங்கே கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையை இந்துஸ்தான் லீவர் நடத்தியது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்ததும் 2001-ல் ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது 2016-ல். பாதரச ஆவியை மூச்சில் இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியே இரத்தத்தில் சேரும். கை நடுக்கம், ஈறு வீக்கம், ஞாபக மறதி, காரணமில்லாத கூச்சம், கோபம் என்று அது வெளிப்படும்.

சிங்கப்பூரில் ஈயத்தோடு வேலை செய்தவர்களைப் பற்றி 1980-களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே. ஜெயரத்தினமும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஈயத்தில் புழங்கிய 49 பேரையும் புழங்காத 36 பேரையும் உட்காரவைத்து எதிர்வினை வேகம், கைத்திறன், கவனம் ஆகியவற்றைச் சோதித்தார்கள். பல சோதனைகளில் ஈயத் தொழிலாளர்கள் பின்தங்கினார்கள். நோய் என்று படுக்காமலே மூளை மந்தமாகும் என்பதற்கு அது உள்ளூர்ச் சாட்சி. இன்று ஈயம், பாதரசம், ஆர்செனிக், கேட்மியம், மாங்கனீசு ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். அதற்கான செலவு முதலாளியுடையது. கப்பல் பட்டறையில் பழைய சாயம் பூசிய இரும்பை வெட்டுகிற, மின்கல ஆலையில் நிற்கிற தமிழ்த் தம்பிகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாப்பிடுமுன் கை கழுவுவதும், வேலைச் சட்டையோடு தங்குவிடுதிப் படுக்கையில் படுக்காமல் இருப்பதும் முகக்கவசத்துக்கு இணையான காப்பு. புகைப்பழக்கம் இருந்தால் கேட்மியமும் சேர்கிறது. சிறுநீரகத்தில் அது பல பத்தாண்டுகள் தங்கும்.

சுறாப்புட்டு

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து தருவது நம் கரையோர வழக்கம். அந்த அன்பைத் தள்ளிவைக்கச் சொல்வது எனக்கே கடினமாக இருக்கிறது. சுறா பெரிய மீன், நீண்ட நாள் வாழும் மீன், பிற மீன்களைத் தின்னும் மீன். கீழ்ப்படியிலிருந்து மேலே போகப் போக மெத்தில் பாதரசம் கூடிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட நோயில், பெரிய அறிகுறி எதுவும் இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தார்கள். கருவின் மூளை தாயின் மூளையைவிட அத்தனை மென்மையானது. கர்ப்பிணியும் பால் கொடுப்பவளும் சுறாவையும் வாள்மீனையும் விட்டுவிட்டு நெத்திலி, மத்தி என்று சின்ன மீனாகச் சாப்பிடலாம். மீனே வேண்டாம் என்று ஒதுக்கினால் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பும் போய்விடும்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. ஈயத்துக்குச் சிரையிலிருந்து எடுக்கும் இரத்தம், ஆர்செனிக்குக்குச் சிறுநீர். ஆர்செனிக் சோதனைக்கு முன் சில நாள் கடல் உணவு சாப்பிடக் கூடாது, அதிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் கணக்கைக் குழப்பிவிடும். பலதுறை மருந்தக மருத்துவரிடம் கேட்டால் எங்கே எடுக்கலாம் என்று சொல்வார். அளவு மிகுந்தால் உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவமனையில், கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். ‘நச்சு நீக்கம்’ என்று இணையத்தில் விற்பதை வாங்கக் கூடாது. 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசத்துக்கு என்று இத்தகைய மருந்தைத் தவறான வகையில் ஏற்றியதால் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். அது ஈயத்தோடு நிற்கவில்லை, அவன் இரத்தத்திலிருந்த சுண்ணாம்புச்சத்தையும் கவ்வி எடுத்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டும். அதற்கு மருத்துவர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பலர் மறைக்கிறார்கள். 1970-களில் அந்த 74 பேரின் நோய்க்கு மூலம் தெரிந்தது, என்ன மருந்து சாப்பிட்டார்கள் என்பது வெளியே வந்ததால்தான். பொட்டலத்தையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள், பாதி தீர்ந்திருந்தாலும் சரி. மருத்துவர் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம், ஆணையம் அந்தப் பொருளைச் சோதிக்கலாம். அதே கடையில், அதே சரக்கில், அதே வாரம் வாங்கிய இன்னொரு வீட்டையும் அப்போது எச்சரிக்க முடியும்.